பிள்ளையிடம் விற்றுவிட்டுப் பெற்றோரிடம் காசு வாங்குவது நியாயமா?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போயிருந்தோம். என் மகளுக்கு ஐந்தரை வயது. பர்கர் விற்கும் ஒரு செயின் கடையைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தாள். மாதம் ஒரு முறைதானே என்று, பொம்மையோடு வரும் குழந்தைகள் பெட்டியை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கடி கடித்தாள். மிச்ச பர்கரை என் தட்டில் வைத்துவிட்டுப் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "அம்மா, இன்னும் மூணு இருக்கு" என்றாள்.

பெட்டியின் பின்பக்கம் நான்கு பொம்மைகளின் படமும் வரிசையாக அச்சிட்டிருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்க இப்போதுதான் பழகுகிறாள், ஆனால் அந்தப் படங்களை எண்ணி வைத்திருக்கிறாள். இந்தப் பெட்டியைப் பற்றி முன்பே எப்படித் தெரியும் என்று கேட்டேன். கைப்பேசியில் கார்ட்டூன் பார்க்கும்போது நடுவில் வருமாம்.

பர்கர் நல்லதா கெட்டதா என்று கேட்க நான் வரவில்லை. எங்கள் வீட்டிலும் வாரம் ஒரு நாள் பரோட்டா உண்டு. என்னை உறுத்துவது வேறு. அந்தக் கடை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பிள்ளையிடம் பேசி முடித்துவிட்டுக் காசுக்கு மட்டும் என்னிடம் வந்தது. ஒருவர் தன்னிடம் எதையோ விற்கிறார் என்பதே தெரியாத வயதில் இருப்பவளிடம் இப்படிப் பேசலாமா?

(ஃபாஸ்ட் ஃபுட் என்றால் நம் ஊரில் தெருமுனை ஃப்ரைடு ரைஸ் வண்டியும் நினைவுக்கு வரும். நான் கேட்பது பெரிய செயின் கடைகளைப் பற்றி.)

மொறுமொறு

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. சின்ன வயதில் எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவுக்கு ஜவ்வுமிட்டாய்க்காரர் வருவார். கழியின் உச்சியில் ஒரு பொம்மை இருக்கும், அது கை தட்டும். நாங்கள் கையை நீட்டினால் மணிக்கட்டில் மிட்டாயிலேயே வாட்ச் கட்டிவிடுவார். கன்னத்தில் ஒரு துளி சும்மாவே ஒட்டுவார். அதுவும் தின்பண்டத்தோடு பொம்மைதான். அவரும் என்னிடம் பேசிவிட்டு அப்பாவிடம்தான் காசு வாங்கினார். அவரை இன்றைக்கும் பாசமாக நினைத்துக்கொள்கிறோம். கம்பெனி செய்தால் மட்டும் எப்படிக் குற்றமாகும்?

வேண்டாம் என்று சொல்வது பெற்றோர் வேலை. அதைச் சட்டத்திடமும் கம்பெனியிடமும் ஒப்படைக்க முடியாது. என் அம்மா சொன்னார், நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

பழைய விளம்பரக்காரன்

சென்னையில் இருபது வருடத்துக்கு மேல் விளம்பர நிறுவனங்களில் மீடியா பிளானிங் பார்த்தவன், அதாவது எந்த விளம்பரத்தை எங்கே, எப்போது போடுவது என்று திட்டமிடும் வேலை. இப்போது அந்த வேலையில் இல்லை.

தம்பி சொன்ன ஜவ்வுமிட்டாய் நல்ல உதாரணம், அதை வைத்தே சொல்கிறேன். அவர் வருடத்துக்கு மூன்று நாள் வருவார். பிள்ளை அவரிடம் போகும்போது அப்பா பக்கத்திலேயே நிற்பார். அவர் கட்டிய வாட்ச் அன்று மாலைக்குள் தின்று தீர்ந்துவிடும். "இதில் நாலு விதம் இருக்கிறது, நாலையும் சேர்த்தால்தான் முழு செட்" என்று அவர் சொன்னதில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே வந்து, பிள்ளை படம் பார்க்கும்போது நடுவில் நின்று கூப்பிட்டதில்லை. உங்கள் பிள்ளைக்குப் பிறந்தநாள் எப்போது என்று எழுதி வைத்துக்கொண்டதும் இல்லை.

பிள்ளையின் நச்சரிப்புக்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு: "பெஸ்டர் பவர்". அதை ஒரு பலம் என்று ஸ்லைடு போட்டுக் காட்டியவர்களில் நானும் ஒருவன். கணக்கு எளிது. குழந்தைகள் பெட்டியில் பெரிய லாபம் இல்லாமல் போகலாம். ஆனால் எந்தக் கடைக்குப் போவது என்பதைப் பிள்ளை முடிவு செய்துவிட்டால் அப்பா, அம்மா, தாத்தா எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். பில் அங்கே ஏறும். மெக்டொனால்ட்ஸின் கோமாளி ரொனால்ட் 1963-இலேயே அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தாயிற்று. பொம்மையோடு வரும் ஹேப்பி மீல் 1979-இல் வந்தது. பொம்மையைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுவதும், புதுப்படம் வெளியாகும் நேரத்தோடு சேர்த்து விடுவதும், பள்ளி விடுமுறைக்கு முந்தின வாரத்தில் விளம்பரத்தைக் கூட்டுவதும் தற்செயல் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் அட்டவணை போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. 2007-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயது வரையுள்ள 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று மெக்டொனால்ட்ஸ் தாளில் சுற்றியது, மற்றது வெறும் தாளில் சுற்றியது. உள்ளே இருப்பது ஒன்றேதான். அந்தக் கடையின் சின்னம் போட்ட தாளில் வந்ததுதான் ருசி என்று பெரும்பாலும் சொன்னார்கள். கேரட்டுக்கும் அப்படித்தான், பாலுக்கும் அப்படித்தான். அந்தக் கடை அப்போது கேரட்டே விற்கவில்லை.

மூன்று வயதுப் பிள்ளையின் நாக்குக்குள்ளேயே ஒரு சின்னம் போய் உட்கார்ந்துவிட்ட பிறகு, வேண்டாம் என்று சொல்லும் அம்மா யாரோடு மல்லுக்கட்டுகிறார் என்று யோசித்துப் பாருங்கள் தம்பி.

மொறுமொறு

> கேரட்டுக்கும் அப்படித்தான், பாலுக்கும் அப்படித்தான்

இது எனக்குப் புதுசு. யோசிக்கிறேன் சார். ஆனால் இதே உத்தியில் பிள்ளைகளைக் கேரட்டும் தின்ன வைக்கலாமே?

நெல்லை டீச்சர்

தொடக்கப்பள்ளியில் 17 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். கேரட்டைத் தாளில் சுற்றிக் கொடுக்கப் பணம் செலவழிக்க யார் வரப்போகிறார்கள் தம்பி? எங்கள் பள்ளிக்கு அப்படி யாரும் வந்ததில்லை. வந்தது என்ன என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓவியப் போட்டி வைத்தோம். பரிசை ஒரு பீட்சா கடையினர் தருவதாகச் சொன்னார்கள். தலைமையாசிரியரும் நல்ல மனதோடுதான் சம்மதித்தார். பரிசு நாளன்று பார்த்தால், சான்றிதழோடு தள்ளுபடிக் கூப்பன், கடைப் பெயர் அச்சிட்ட நோட்டு அட்டை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பா கொத்தனார், அந்தக் கூப்பனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினான். "இதக் கொண்டு போனா சும்மா கெடைக்குமா டீச்சர்?" என்று கேட்டான். முந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் தள்ளுபடி என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது. அதை நான்தான் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். பள்ளிப் பிள்ளைகளின் உணவு பற்றி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் ஒழுங்குமுறை கொண்டுவந்திருக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. இலவசமாகக் கொடுப்பதும் இதில் அடங்கும். அப்படிப்பட்ட உணவைத் தயாரிக்கும் நிறுவனங்கள் புத்தக அட்டையிலோ சுவரொட்டியிலோ பள்ளிக்குள் பெயர் போடக்கூடாது என்றும் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டியதும் தலைமையாசிரியர் அடுத்த வருடம் நிறுத்திவிட்டார். இப்போது பரிசு கலர் பென்சில்.

ஆனால் 50 மீட்டர் என்பது ரோட்டில் அளக்கிற அளவு. கைப்பேசி பிள்ளையின் கைக்குள் இருக்கிறது.

கவுண்டர் நம்பர் 3

ஒரு செயின் கடையில் இரண்டு வருடம் கவுண்டரில் நின்றவன். ஈரோடு பக்கம்.

எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது: ஆர்டர் முடிந்ததும் நிறுத்தக்கூடாது. "லார்ஜ் ஆக்கட்டுமா சார், முப்பது ரூபாய்தான் கூட" என்று கேட்க வேண்டும். "காம்போவா எடுத்துக்கோங்க மேடம்" என்று சொல்ல வேண்டும். எத்தனை பேர் சரி என்றார்கள் என்று ஷிஃப்ட் முடிவில் கணக்கு வரும். குறைந்தால் மேனேஜர் கூப்பிடுவார். உருளைக்கிழங்குக்கும் குளிர்பானத்துக்கும் அடக்க விலை கொஞ்சம்தான், விலை ஏற ஏற மிச்சம் அதிகம். பசித்து வந்தவருக்கு எது போதும் என்று எங்களுக்கே கண்ணில் தெரியும். இருந்தாலும் கேட்போம்.

இந்தப் பெரிய சைஸ் உத்தி எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு படித்தேன். அமெரிக்காவில் டேவிட் வாலர்ஸ்டீன் என்று ஒருவர் சினிமா தியேட்டர்களை நடத்தி வந்தார். சோளப்பொரி இரண்டாவது பொட்டலம் வாங்க ஜனங்கள் கூச்சப்படுகிறார்கள், பேராசை என்று பிறர் நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள் என்று கண்டுபிடித்தார். சரி, ஒரே பொட்டலத்தைப் பெரிதாக்கிவிடுவோம் என்று செய்தார், விற்பனை ஏறியது. பின்னாளில் அவரே மெக்டொனால்ட்ஸ் இயக்குநர் குழுவிலும் இருந்தார். போதும் என்று சொல்ல வைக்கும் அந்தக் கூச்சத்தைக் கழற்றி எடுத்ததுதான் உத்தி. எங்கள் பாட்டி "போதும்னு சொல்லிப் பழகு" என்பார். நான் இரண்டு வருடம் அதற்கு நேர்மாறாகச் சம்பளம் வாங்கினேன்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து காலேஜ் பெண்கள் பஸ் ஏறி வருவார்கள். நாலு பேர் சேர்ந்து இரண்டு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டோம். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்கமாட்டார்கள். கழிவறை சுத்தமாக இருக்கும். அவர்கள் ஊரில் டீக்கடையில் அப்படி உட்கார முடியாது. விளம்பரத்தில் காட்டும் "எல்லோருக்கும் இடம்" என்பது அந்த மேசையில் உண்மையாகவே நடந்தது. அதையும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு இருக்க வேண்டும்.

காவிரிக்கரை

தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியது மனதைத் தொட்டது. என் கல்லூரி நாளில் எங்களுக்கு அப்படி ஒரு மேசை இருந்ததில்லை. அந்தப் பெண்களுக்குத் தாங்கள் என்ன வாங்குகிறோம் என்று தெரியும். இடத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள். என் மகளுக்கு அது தெரியாது. என் கேள்வி அங்கேதான் நிற்கிறது.

அய்யம்பேட்டை

மயோனைஸைத் தமிழ்நாட்டில் 2025-இல் ஒரு வருடம் தடை செய்தார்களே, அது மாதிரி இந்தக் கடைகளையும் மூடச் சொன்னால் முடிந்தது.

நெல்லை டீச்சர்

அது பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு மட்டும், கிருமி வரும் என்பதால். இங்கே பேசுவது விற்கிற விதத்தைப் பற்றி. இரண்டையும் கலந்தால் எதற்கும் பதில் கிடைக்காது.

இரவுப்பணி

பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். வளர்ந்தவனாக நானும் ஒன்று எழுதலாமா?

சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் வேலை, அமெரிக்க நேரம். வயது 29. போன வருடம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று வந்தது. அப்பாவுக்கு 50 வயதில் வந்தது எனக்கு 29-இல் வாசலில் நிற்கிறது. இதற்கு ஒரு கடையைக் குற்றம் சொல்லமாட்டேன். ராத்திரி விழிப்பு, உட்கார்ந்தே வேலை, பரம்பரை எல்லாம் உண்டு. ஆனால் பரிசோதனைக்குப் பின் என் பழக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். உணவு ஆப்பில் என் பழைய ஆர்டர்களை எண்ணினேன். பத்தில் ஏழு, இரவு 11.30-க்கும் 12.30-க்கும் நடுவில்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அறிவிப்பு வரும். மதியம் வராது. முதல் மீட்டிங் முடிந்து நான் சோர்ந்து உட்காரும் நேரம் அது என்று என் அம்மாவுக்குத் தெரியாது, அந்த ஆப்புக்குத் தெரிந்திருந்தது. திறந்தால் "சலுகை முடிய இன்னும் 4 நிமிடம்" என்று கடிகாரம் ஓடும். ஒரு நாள் பிடிவாதமாகக் காத்திருந்தேன். நேரம் முடிந்தது. மூடித் திறந்தேன். மறுபடி 4 நிமிடத்திலிருந்து ஓடியது. எனக்கு வந்த கோபம் பணத்துக்காக வந்ததில்லை. இத்தனை நாள் அந்தக் கடிகாரத்தை நம்பி அவசரப்பட்டேனே என்றுதான்.

இதற்குப் பெயர் "டார்க் பேட்டர்ன்". மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்றால் குற்ற உணர்ச்சி வரும்படி எழுதுவது, முதலில் ஒரு விலை காட்டிக் கடைசியில் ஒவ்வொரு கட்டணமாகக் கூட்டுவது எல்லாம் அதில் உண்டு. விதி வந்த பிறகுதான் எனக்கு அந்தக் கடிகாரம் ஓடியது. புகார் எண் 1915 என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டுப் பதிவு செய்தேன்.

மொறுமொறு, நான் பிள்ளை இல்லை. படித்தவன், மென்பொருள் எழுதுகிறவன். வேண்டாம் என்று சொல்லத் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சோர்ந்து கிடக்கும்போது அது வாய்க்கு வருவதில்லை. அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவது வியாபாரம்தானா?

சத்துணவு

மதுரையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். இரவுப்பணி எழுதியது போல வாரம் இரண்டு பேராவது வருகிறார்கள்.

அவர் தனியாள் இல்லை என்பதற்கு எண்கள் இருக்கின்றன. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், 13 கோடிக்கு மேல் அதன் வாசலில் நிற்பவர்கள் என்று அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டுப் பெண்களில் உடல் எடை கூடியவர்கள் தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில் 30.9 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 40.4 சதவீதம். இதை பர்கர் கடை தலையில் மட்டும் கட்டுவது நேர்மையாகாது. நம் வெள்ளைச் சோறு, பேக்கரி பஃப்ஸ், மூன்று வேளை சர்க்கரை போட்ட டீ, நடை குறைந்தது எல்லாம் சேர்ந்துதான். அய்யம்பேட்டைக்காரர் செயின் கடைகளை மூடச் சொன்னார். மூடினாலும் இந்த எண் பெரிதாக மாறாது.

என் வருத்தம் வார்த்தைகளைப் பற்றியது. என்னிடம் வருபவர்கள் "மல்டிகிரெய்ன் பன் மேடம், அதனால் சாப்பிட்டேன்" என்கிறார்கள். பன்னில் கொஞ்சம் தானியம் இருக்கும், நடுவில் இருக்கும் சாஸும் பொரித்ததும் அப்படியே இருக்கும். "உண்மையான காய்கறி", "வீட்டுச் சுவை", "பொரிக்காமல் சுட்டது" எல்லாம் இப்படித்தான். இதில் எதையும் பொய் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. கேட்பவர் மனதில் பொய்யாகப் போய் விழும்படி எழுதிய உண்மைகள் அவை.

பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கடை வைத்திருப்பவர்கள் மெனு பலகையில் கலோரி போட வேண்டும் என்று 2022 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். விலை எந்த அளவில் எழுதியிருக்கிறது, கலோரி எந்த அளவில் எழுதியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். பிறகு, காம்போவாக எடுத்தால் மொத்தம் எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது அது முடியுமா என்று சொல்லுங்கள்.

சிராங்கூன்வாசி

சிங்கப்பூரிலிருந்து. இங்கே பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலிருந்து ஏ, பி, சி, டி என்று தர முத்திரை. சர்க்கரை மிக அதிகமானால் டி. டி வாங்கிய பானத்துக்கு விளம்பரமே கூடாது. ஒரு வருடம் கழித்துக் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் முத்திரை வந்துவிட்டது. நான் கண்ணால் பார்த்தது: பல கம்பெனிகள் சத்தமில்லாமல் சர்க்கரையைக் குறைத்து பி-க்கு ஏறிக்கொண்டன. என் மகன் குளிர்சாதனப் பெட்டி முன் நின்று எழுத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறான். விளம்பரத்தில் கை வைத்தால் பொருளே மாறும்.

மொறுமொறு

எல்லா இடத்திலும் மாறவில்லையே. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2010-இல் சட்டம் போட்டார்கள். சத்து அளவுக்குள் வராத குழந்தைகள் உணவோடு இலவசப் பொம்மை தரக்கூடாது என்று. 2011 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மெக்டொனால்ட்ஸ் என்ன செய்தது? பொம்மைக்கு 10 சென்ட் விலை வைத்து, அதை அறப்பணிக்குத் தருகிறோம் என்றது. இலவசம் இல்லை, ஆகவே சட்டம் பொருந்தாது. பெற்றோரும் 10 சென்ட் கொடுத்து வாங்கினார்கள். அதனால்தான் சொல்கிறேன், சட்டத்தை நம்பி உட்கார முடியாது.

பழைய விளம்பரக்காரன்

தம்பி, சரியான உதாரணம். "இலவச" என்று ஒரு சொல் அந்தச் சட்டத்தில் இருந்தது, அந்த ஒரு சொல்லின் வழியே வெளியே போய்விட்டார்கள். சிலி நாட்டில் 2016-இல் போட்டது வேறு மாதிரி. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகமானால் பொட்டலத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. முத்திரை விழுந்தால் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குறிவைத்து விளம்பரம் கிடையாது, கார்ட்டூன் கிடையாது, பொம்மை கிடையாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1980-இலிருந்து 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை நோக்கி எந்தப் பொருளுக்குமே வணிக விளம்பரம் செய்யக்கூடாது. ஒரு பொம்மைக் கம்பெனி இது பேச்சுரிமைக்கு எதிர் என்று வழக்குப் போட்டது. 1989-இல் கனடா உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. லண்டன் போக்குவரத்துத் துறை 2019 பிப்ரவரியில் ரயில், பஸ் விளம்பரங்களிலிருந்து இந்த உணவுகளை எடுத்தது. எடுக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று கணக்கிட்டு ஒப்பிட்டார்கள். ஒரு வீட்டுக்கு வாரம் சுமார் 1000 கலோரி குறைவாக வாங்கியது தெரிந்தது.

ஆனால் காவிரிக்கரை அம்மா கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன இடம் ஒன்று எனக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1980-களின் நடுவில் லண்டனில் ஒரு சிறு குழு மெக்டொனால்ட்ஸை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தது. 1990-இல் நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டு விலகினார்கள். ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் இருவர் மட்டும் மறுத்தார்கள். அவதூறு வழக்குக்கு அங்கே அரசு சட்ட உதவி கிடையாது. வக்கீல் வைக்கக் காசில்லாமல் தாங்களே வாதாடினார்கள். எதிரே பெரிய வக்கீல் படை. விசாரணை 313 நாட்கள். இங்கிலாந்து வரலாற்றிலேயே மிக நீண்ட வழக்கு என்பார்கள். 1997 ஜூனில் நீதிபதி ரோஜர் பெல் தீர்ப்புச் சொன்னார். துண்டறிக்கையில் இருந்த பல குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை என்று அவர்களை நிறுவனத்துக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார். ஆனால் சில விஷயங்களில் அவர்கள் சொன்னது உண்மை என்று எழுதினார். நிறுவனம் தன் விளம்பரங்களால் குழந்தைகளைச் சுரண்டுகிறது, எளிதில் வசப்படும் பிள்ளைகளைக் கொண்டு பெற்றோரை நெருக்குகிறது என்பது அவற்றில் ஒன்று.

அந்தத் தீர்ப்பு வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான். அலுவலகத்தில் பேச்சு வந்தது. அவதூறு வழக்குப் போட்டால் பேர்தான் கெடும், போடக்கூடாது என்று பாடம் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்காக இன்றைக்கு வெட்கப்படுகிறேன்.

ஹெல்மெட்

டெலிவரி செய்கிறவன். சுருக்கமாகச் சொல்கிறேன். "இத்தனை நிமிடத்தில் வரும்" என்பதும் விளம்பரம்தான். அந்த வாக்கைக் கொடுப்பது கம்பெனி. சிக்னலில் அதைக் காப்பாற்றுவது நான். அமெரிக்காவில் டாமினோஸ் 30 நிமிட வாக்குறுதியை 1993-இல் விட்டுவிட்டது, விபத்து வழக்கில் கோடிக்கணக்கில் நஷ்டஈடு தீர்ப்பான பிறகு. நியாயம் பேசும்போது சாப்பிடுகிறவர்களோடு எங்களையும் கணக்கில் எடுங்கள்.

கவுண்டர் நம்பர் 3

அண்ணா, நூறு முறை பார்த்திருக்கிறேன். நேரம் தாண்டினால் உங்களிடம்தான் கத்துவார்கள்.

மொறுமொறு

இரண்டு நாள் எழுதவில்லை. அக்கா மகனுக்கு ஆறு வயது, நேற்று அவனோடு உட்கார்ந்து அவன் பார்க்கும் வீடியோக்களைப் பார்த்தேன். ஒரு சின்னப் பையன் உணவுப் பெட்டியைப் பிரித்துப் பொம்மையை எடுத்துக் காட்டுகிறான். எட்டு நிமிட வீடியோவில் சாப்பிடுவது அரை நிமிடம்கூட இல்லை. பணம் வாங்கிச் செய்தால் விளம்பரம் என்று போட வேண்டும் என 2021-இலேயே விளம்பரத் தரக் கவுன்சில் சொல்லியிருக்கிறது. அந்த வீடியோவில் எதுவும் போடவில்லை. பணம் வாங்கினார்களா என்று எனக்குத் தெரிய வழியும் இல்லை. "இது விளம்பரம்டா" என்று அவனிடம் சொன்னேன். "இல்ல மாமா, அவன் என் ஃப்ரெண்டு" என்றான்.

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. 2022 விதிப்படி சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றை குழந்தைகள் நிகழ்ச்சியில் விளம்பரம் செய்யக்கூடாது. ஆனால் இவன் பார்ப்பதை நிகழ்ச்சி என்பதா, நண்பன் வீட்டுக்குப் போவது என்பதா?

வளர்ந்தவர்கள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பொய்க் கடிகாரம் தவறு, அது ஏமாற்று. லார்ஜ் ஆக்கட்டுமா என்று கேட்பது ஏமாற்று இல்லை. வாய் இருக்கிறது, மறுக்கலாம். ஆனால் ஆறு வயதுப் பையனைப் பற்றி நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அக்கா வேண்டாம் என்று சொன்னால் அவன் கண்ணுக்கு ஒரு நண்பனைத் தடுக்கிற மாதிரி இருக்கும்.

நெல்லை டீச்சர்

தம்பி, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. விளம்பரத்தின் நோக்கத்தை ஏழெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளால் புரிந்துகொள்ள முடியாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் மருமகன் அந்த வயதில்தான் இருக்கிறான். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு முடியும். நான் ஐந்தாம் வகுப்பில் மாதம் ஒரு விளம்பரத்தை ஒட்டி வைத்து, இதை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று மூன்று கேள்வி கேட்பேன். போன மாதம் ஒரு பர்கர் விளம்பரம். ஒரு பெண் பிள்ளை எழுந்து, "இதுல எல்லாரும் சிரிக்கிறாங்க டீச்சர், யாருமே மெல்லல" என்றாள். நான் பத்து முறை பார்த்தும் அதைக் கவனிக்கவில்லை.

காவிரிக்கரை

எல்லோர் எழுத்தையும் இரண்டு முறை வாசித்தேன். நேற்று மறுபடி அந்தக் கடைக்குத் தனியாகப் போனேன். பொம்மையை மட்டும் தனியாகத் தருவீர்களா, விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். தர முடியாது என்றார்கள். குழந்தைகள் உணவைப் பொம்மை இல்லாமல் குறைந்த விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். அதுவும் இல்லை. கவுண்டரில் இருந்த பெண் என்னைவிடச் சின்னவள். "எங்ககிட்ட அப்படி பில் போட பட்டனே இல்லக்கா" என்றாள். அவளிடம் கோபப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் பேசிப் பார்த்தேன். அந்தப் பொம்மையைக் கொடுப்பது உன்னைக் கடைக்குக் கூப்பிடத்தான் என்றேன். கொஞ்ச நேரம் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இது பொய் பொம்மையா?" என்று கேட்டாள். இல்லை, பொம்மை உன்னுடையதுதான், வைத்துக்கொள் என்று சொன்னேன். கார்ட்டூனை இனி கைப்பேசியில் தனியாகப் பார்க்க வேண்டாம், டிவியில் என்னோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அவள் பள்ளிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரிய வறுத்த கோழி விளம்பரம் இருக்கிறது. இன்று காலை வாசலிலிருந்து அடி வைத்து எண்ணினேன். 50 மீட்டருக்குள்தான் வருகிறது. பெற்றோர் சங்கத்தின் பெயரில் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு மனு எழுதலாம் என்று நான்கு அம்மாக்கள் சேர்ந்திருக்கிறோம். டீச்சர், அந்த ஒழுங்குமுறையில் எந்தப் பிரிவு என்று குறிப்பிட வேண்டும், உங்களிடம் இருந்தால் தருவீர்களா?

நெல்லை டீச்சர்

பள்ளி பீரோவில் பிரதி இருக்கிறது. திங்கட்கிழமை காலை எடுத்து அனுப்புகிறேன். அடி வைத்து எண்ணியதை எழுதாதீர்கள், டேப் வைத்து அளந்து, வாசலும் பலகையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துச் சேருங்கள். தேதியும் போடுங்கள்.

பழைய விளம்பரக்காரன்

பலகையின் கீழ் மூலையில் வாடகைக்கு விட்ட ஏஜென்சியின் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். அதையும் படம் எடுங்கள் அம்மா. மனுவில் அவர்களையும் சேர்க்க வேண்டும். வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன்.